சொல்லி வைக்க ஆளில்லாத இடம்

மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, அங்கேயே கண்காணிப்பாளராகி, அங்கேயே ஓய்வு பெற்று மாலையோடு வீட்டுக்கு வந்தவள் நான். இத்தனை வருஷத்தில் நான் தேர்ந்த ஒரே வித்தை சொல்லி வைப்பது. எந்தக் காரியமானாலும் அதைச் செய்கிற ஓர் ஆள் எங்கேயாவது இருப்பார். அந்த ஆளுக்குத் தெரிந்தவர் நமக்குத் தெரிந்தவராக இருப்பார். இரண்டு போன் போட்டு, ‘நம்ம பையன்தான், கொஞ்சம் பாத்துக்குங்க’ என்று சொன்னால் போதும். நான் லஞ்சம் வாங்கியதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. ஆகவே இதில் எனக்கு வெட்கமும் கிடையாது. வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும், இவர்களுக்கு யாரையும் தெரியவில்லையே என்று.

எனக்கு ஒரே தம்பி. அப்பா போன பிறகு அவனை ஆளாக்கியது நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன். அவன் மறுத்ததில்லை. ஸ்கூல் சீட், ஐ.டி.ஐ. சீட், முதல் வேலை, பெண் பார்த்தது, பேங்க் லோன் எல்லாம் என் போனில் முடிந்தவைதான். அந்த லோனில்தான் செம்மண்டலத்தில் டிரைவிங் ஸ்கூல் வைத்தான். காலையில் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி ஒரு பழைய வெள்ளைக் கார் திணறித் திணறிப் போனால், அதில் இடது பக்கம் உட்கார்ந்திருப்பவன் அவன். பயிற்சிக் காரில் சொல்லித் தருகிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அவன் பிழைப்பு அந்த பிரேக்கில்தான் ஓடியது.

ஒருமுறை எங்கள் மேலதிகாரியின் மகளைச் சீக்கிரம் முடித்து அனுப்பச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு இன்னும் கியர் மாற்ற வரவில்லை என்றான். நான் விடவில்லை. யார் வீட்டுப் பெண் தெரியுமா என்று கேட்டேன். ‘பிரேக்குக்கு ஆள் தெரியாதுக்கா’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்த மாதம் முழுக்க அலுவலகத்தில் நான் தலை குனிந்து நடந்தேன். எனக்கும் ஒரு லைசென்ஸ் உண்டு. அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கக் கூடாது. தம்பிக்குத் தெரியும், அவன் கேட்டதில்லை. நான் ஸ்டியரிங்கைத் தொட்டதும் இல்லை.

ரத்தம் போகிறது என்று அவன் முதலில் சொன்னபோது எங்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் தெரிந்திருந்தது. மூலம். நாள் முழுக்க சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு என்ன வரும்? வாராவாரம் கருணைக்கிழங்கு மசியல் செய்து டப்பாவில் போட்டு அனுப்பினேன். தம்பி மனைவி சமையலில் மிளகாயை நிறுத்தினாள். சுவரில் நோட்டீஸ் ஒட்டிய ஒரு வைத்தியரிடம் அவன் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டான். உடம்பு இளைத்ததும் பத்தியச் சாப்பாட்டால்தான் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். பெருங்குடலில் கட்டி, அது கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது என்று சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, வீட்டு ஃபிரிட்ஜில் கிழங்கு பாக்கி இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. டப்பாவோடு குப்பையில் போட்டேன்.

அங்கே புற்றுநோய்ப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். ஆனால் பேச்சில் மழுப்பல் இல்லை. இந்தக் கட்டத்தில் முழுசாகக் குணமாக்குவது கஷ்டம், மருந்து கொடுத்து நோயைப் பிடித்து வைக்கலாம், சிலருக்கு நன்றாகவே பிடிக்கும் என்றார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப், நடுவில் மாத்திரை. பிறகு, இங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, விருப்பம் இருந்தால் சேரலாம் என்று ஆரம்பித்தார். சேருகிறவர்களை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு இப்போது எல்லோருக்கும் கொடுக்கிற அதே மருந்து. இன்னொரு குழுவுக்கு அந்த மருந்தோடு ஒரு புது மாத்திரையும் சேர்த்து. யார் எந்தக் குழு என்பதைக் கம்ப்யூட்டர்தான் சொல்லும். வேண்டாம் என்றாலும் வைத்தியத்தில் குறை வைக்க மாட்டோம், பாதியில் விலகினாலும் கேள்வி கிடையாது என்றார்.

எது நல்லது என்று கேட்டேன்.

“எங்களுக்கும் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா ஆராய்ச்சியே தேவையில்லையே” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் அலுவலகத்தில் ‘தெரியாது’ என்று எத்தனை ஆயிரம் பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். அதற்கு, சொல்ல இஷ்டமில்லை, நாளைக்கு வாருங்கள், சரியான ஆளோடு வாருங்கள் என்று பல அர்த்தம் உண்டு. உண்மையிலேயே தெரியாது என்பது மட்டும் அதில் ஒருநாளும் கிடையாது. புது மாத்திரை என்று ஒன்று இருக்கிறது. அது சிலருக்குத்தான் கிடைக்கும். அப்படியானால் அது நல்ல மாத்திரை. கிடைக்காமல் போகிறவர்கள் யாரையும் தெரியாதவர்கள். என் கணக்கு இவ்வளவுதான்.

தம்பி அங்கேயே சரி என்று சொல்லிவிட்டான். ஒப்புதல் கொடுப்பதை கேமராவில் பதிவு செய்வார்கள் என்றதும் பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டான். கல்யாண வீடியோவில்கூட அவன் இவ்வளவு நேராக உட்காரவில்லை. தொடர்புக்கு ஒரு நம்பர் கேட்டார்கள். நான் முந்திக்கொண்டு என் நம்பரைக் கொடுத்தேன். எல்லாம் என் வழியாக வரட்டும், அப்போதுதான் காரியம் நடக்கும் என்று நினைத்தேன்.

அதன் பிறகு என் போன் சூடாகிவிட்டது. அலுவலகத்தில் என் கூட இருந்தவரின் சம்பந்திக்கு அந்த ஆஸ்பத்திரியில் பழக்கம் இருந்தது. ஆராய்ச்சி அறையில் ஒரு பெண் இருக்கிறாள், பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள்தான் என்று அவர் சொன்னார். அது போதும் எனக்கு. குழு பிரிக்கிற அன்று பண்ருட்டி முந்திரி ஒரு பை எடுத்துக்கொண்டு, தம்பிக்கு முன்னால் அந்த அறைக்குப் போனேன். இருபத்தைந்து வயசு இருக்கும் அவளுக்கு. கழுத்தில் அடையாள அட்டை, மேஜையில் பாதி குடித்த டீ. நம்ம பையன்தான், புது மாத்திரைப் பக்கம் போடும்படி கொஞ்சம் பாத்துக்கம்மா என்றேன்.

அவள் கோபப்படவில்லை. பையை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டாள். தம்பியும் வந்து நின்றான். திரையில் அவன் வயசும் சில எண்களும் மட்டும் இருந்தன, பெயர்கூட இல்லை. “பாத்துக்குங்க மேடம், நான் இந்த ஒரு பட்டனைத்தான் அழுத்தறேன். என்ன வரும்னு எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. இதை யார்கிட்டயும் சொல்லி மாத்தவும் முடியாது” என்றாள். அழுத்தினாள். ஒரு வட்டம் சுற்றியது. பழைய மருந்து மட்டும் என்று வந்தது.

முப்பத்தைந்து வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்த என்னால் சொந்தத் தம்பி உயிருக்கு ஒரு மாத்திரை வாங்கித்தர முடியவில்லை. அந்தப் பெண்ணை இன்னொரு முறை அழுத்தச் சொன்னேன். தம்பி என் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போனான்.

திரும்பும்போது அவன்தான் ஓட்டினான். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை நான் ஓயவில்லை. இதிலிருந்து விலகிவிடு, சென்னைக்குப் போகலாம், அங்கே எனக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முட்லூர் தாண்டியதும் அவன் வண்டியை ஓரம் கட்டினான்.

“அக்கா, நீ சொல்லி வைக்காம எனக்குக் கெடச்ச மொத சீட்டு இதுதான். உடு. நான் இதுலயே இருந்துட்டுப் போறேன்.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். நான் அவனுக்குச் செய்ததெல்லாம் அவன் மேல் ஏற்றிய பாரமாக இருந்திருக்கிறது, இவ்வளவு நாள் அதைச் சொல்லாமல் சுமந்திருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுதேன். அவன் மறுபடி வண்டியை எடுத்து ஆலப்பாக்கம் வரை ஓட்டினான். பிறகு அவனாகவே, எல்லாரையும் பாஸ் போட்டுவிட்டால் எவனுக்கு ஓட்டத் தெரியும் என்று எப்படித் தெரியும், பழைய மருந்துப் பக்கமும் ஆள் இருந்தால்தானே புது மாத்திரை வேலை செய்கிறதா என்று தெரியும் என்றான். டாக்டர் அரை மணி நேரம் எனக்குச் சொல்லியும் ஏறாததை அவன் எப்போதோ புரிந்து வைத்திருந்தான். எனக்கு அது புரிந்தது என்று சொல்ல மாட்டேன். வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான்.

டிரிப் ஏற்றுகிற நாட்களில் வடலூரிலிருந்து ஓர் அம்மா தன் வீட்டுக்காரரோடு வருவாள். அவருக்கும் அதே நோய், அதே ஆராய்ச்சி. அவருக்குப் புது மாத்திரை கிடைத்திருந்தது. வயிற்றெரிச்சல் என்றால் என்ன என்பதை அந்தக் காத்திருப்பு பெஞ்சில்தான் முழுசாக அனுபவித்தேன். அவள் தூக்குச்சட்டியைத் திறந்து அவருக்கு இட்லி ஊட்டுவதைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை. ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, யாரைப் பிடித்தீர்கள் என்று ரகசியமாகக் கேட்டேன். யாரையும் பிடிக்கவில்லை, கம்ப்யூட்டரில் வந்தது என்றாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். சொல்ல மனசில்லை, இருக்கட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

தம்பிக்கு மருந்து நன்றாகவே கேட்டது. கட்டிகள் சுருங்கியிருக்கின்றன என்று ஸ்கேனில் வந்தது. நடுநடுவே மைதானத்துக்கும் போய் வந்தான். ஆனால் விரல் நுனியும் பாதமும் மரத்துப்போக ஆரம்பித்தன. சில்லென்று எதைத் தொட்டாலும் கரண்ட் அடித்த மாதிரி கையை இழுத்துக்கொள்வான். இதை டாக்டரிடம் சொல்லாதே, மருந்தைக் குறைத்துவிடுவார்கள் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், நல்லா இருக்கேன் என்பதுதான் பதில். பாதி உயிர் போகும்போதும் அதைத்தான் சொல்வோம். டாக்டர் மனசு சங்கடப்படக் கூடாது பாருங்கள். இவன் டாக்டர் முகத்தைப் பார்த்து, காலில் பிரேக் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, இதோடு எப்படி நான் ஓட்டப் பழகுகிற பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போவது என்று கேட்டுவிட்டான். டாக்டர் அந்த டிரிப் மருந்தை நிறுத்தி, மாத்திரையை மட்டும் தொடரச் சொன்னார். ஆராய்ச்சி விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது, நீங்கள் சொன்னது ரொம்ப நல்லது என்றார். அன்றோடு அவன் சொல்லித் தருவதையும் விட்டுவிட்டான்.

சிதம்பரம் போய்வர இப்போது ஓட்ட ஆள் இல்லை. தம்பி மனைவிக்கு ஸ்கூட்டியே பயம். பஸ்ஸில் அவனால் உட்கார முடியாது. ஒருநாள் காலை அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்று, உன் லைசென்ஸை எடுத்துக்கொண்டு வா என்றான். அந்த வயதில் நான் மைதானத்தைச் சுற்றிய அழகை மஞ்சக்குப்பமே நின்று பார்த்தது. வண்டி நின்று நின்று போயிற்று. பழைய அலுவலக ஆட்கள் டீக்கடையிலிருந்து கை காட்டினார்கள். தம்பி இடது பக்கம் உட்கார்ந்து, கால் இருக்கிற இடத்தைக் குனிந்து குனிந்து பார்த்து வைத்துக்கொண்டான். தன் பக்கத்து பிரேக்கை நம்பாதே, அதில் இப்போது ஆள் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டான். திட்டும் வாங்கினேன். ஜாஸ்தி பேசாதே, கண்ணாடியைப் பார் என்பான். இவனுக்கு ஈரத்துணி மாற்றிய கை இது என்று நினைத்துக்கொண்டு கிளட்ச்சை மிதிப்பேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்காக யாரும் யாரிடமும் சொல்லி வைக்க முடியவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டேன். அடுத்த ஸ்கேனுக்கு நான்தான் அவனைக் கூட்டிப்போனேன்.

அங்கே வடலூர் அம்மாவைப் பார்த்தேன். அவள் வீட்டுக்காரருக்கு வாய் முழுக்கப் புண். இட்லியைத் தண்ணீரில் கரைத்து ஸ்பூனில் கொடுத்துக்கொண்டிருந்தாள். வயிற்றுப்போக்கும் நிற்கவில்லை, புது மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்றாள். தம்பி எழுந்து நடந்து தண்ணீர் பிடிக்கப் போவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் காதருகே குனிந்தாள்.

“நீங்க யாரைக்கா புடிச்சீங்க, அது வேணாம்னு?”

யாரையும் பிடிக்கவில்லை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை நான் அவளுக்குக் கொடுத்த அதே பார்வை. அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளை எப்படி நம்ப வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. அப்படியானால் புது மாத்திரை கெட்டதா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படியும் சொல்ல முடியாது, வேறு ஊர்களில் அதை எடுத்துக்கொண்டு நன்றாக இருப்பவர்களும் உண்டு, ஒருவரை வைத்துக் கணக்குப் பார்த்தால் தப்பாகிவிடும், எல்லோர் கணக்கும் வந்த பிறகுதான் தெரியும் என்றார். இந்த முறை அவர் சொன்ன ‘தெரியாது’ எனக்குக் கேட்டது. ஒரு டாக்டர் தெரியாது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அதைத் தெரிந்துகொள்ள வருஷக்கணக்கில் காத்து உட்கார்ந்திருக்கிறார். என் அலுவலகத்தில் நாங்கள் அப்படி ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது எடுத்த ஸ்கேனில் கட்டிகள் மறுபடி வளர்ந்திருந்தன. ஆராய்ச்சி மருந்து அதோடு நின்றது. வேறு மருந்து கொடுத்தார்கள், அது அவ்வளவாகக் கேட்கவில்லை. இனிமேல் ஆராய்ச்சிக்காக நீங்கள் வர வேண்டாம், ஆனால் அவ்வப்போது போன் செய்து எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் விசாரிப்போம், அதுவும் கணக்கில் சேரும் என்று அந்த அறைப் பெண் சொன்னாள். சொன்னபடி போனும் வந்தது. சாப்பிடுகிறாரா, நடமாடுகிறாரா என்று கேட்பாள். முதல் தடவை நான், நல்லா இருக்காம்மா என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டேன். பக்கத்தில் படுத்திருந்த தம்பி போனை வாங்கி, நாலு நாளாகப் படுக்கையில்தான் இருக்கிறேன் என்று திருத்தினான்.

போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னான்: “நான் இல்லாதப்ப போன் வந்தா கரெக்டா சொல்லு. நம்ம பையன்தான், பாத்துக்குங்கன்னு ஆரம்பிச்சுடாத. அவுங்களுக்கு ஒண்ணும் புரியாது.”

அப்போது இரண்டு பேரும் சிரித்தோம். அவனுக்குச் சிரிக்க மூச்சு போதவில்லை. தை பிறந்து கொஞ்ச நாளில் வீட்டில்தான் போனான். தம்பி மனைவியும் நானும் பக்கத்தில் இருந்தோம். வலிக்கு மருந்து கொடுத்திருந்ததால் கஷ்டப்படவில்லை. அதற்காக அந்த டாக்டருக்கு நான் எந்நாளும் நன்றி சொல்வேன்.

கார் இப்போது என்னிடம் இருக்கிறது. தனி ஆள் ஓட்டுகிற வண்டிக்கு இரண்டாவது பிரேக் எதற்கு, கழற்றிவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். அப்புறம் பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டே இருக்கிறேன். போன மாதம் ஆலப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது போன் அடித்தது. ஓட்டும்போது எடுத்தால் அவன் கொன்றுவிடுவான். கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துவிட்டு எடுத்தேன். அந்த அறைப் பெண்தான். சார் எப்படி இருக்காங்க மேடம் என்றாள்.

போய்ட்டாம்மா என்றேன். அவள் தயங்கித் தயங்கி, தேதி கேட்டாள். சொன்னேன். எங்கே, வீட்டிலா என்று கேட்டாள். அதையும் சொன்னேன். கீபோர்டு சத்தம் கேட்டது. மழுப்பவில்லை, கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் கேட்டிருந்தால் திருத்த ஒன்றும் இருந்திருக்காது. எல்லாம் முடிந்தது மேடம், ரொம்ப நன்றி என்று அவள் வைக்கப் போனாள். இருந்திருந்து அவன் தானாக ஓர் இடம் பிடித்திருக்கிறான், அதுவும் ஒரு எண்ணாக, பெயர்கூட இல்லாமல் இவள் கையில் இருக்கிறது என்று நினைத்ததும் எனக்குத் தாங்கவில்லை.

“நம்ம பையன்தாம்மா” என்றேன். “கொஞ்சம் பாத்துக்க.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. முந்திரிப் பையைத் தள்ளிவிட்டவள் அவள். முடியாது மேடம் என்பாள் என்று காத்திருந்தேன்.

“சரிங்க மேடம்” என்றாள். “பாத்துக்கறேன்.”